ஐம்பத்தைந்து பவுண்டு

ஜெசிந்தாவைக் குரு என்று கூப்பிட்டவன் ஊரிலேயே ஒருவன்தான், செந்தூரன். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். பதினோரு வருடத்தில் கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவன் கூப்பிடுவதைக் கேட்டு, குரு என்றால் சாந்தமாக இருப்பார் என்று நம்பி வருகிறவர்கள் அவரிடம் ஏமாந்துபோவார்கள். எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுவார். சென்னையில் ஒரு டென்னிஸ் அரங்கத்தின் கேலரிக்குக் கீழே இருந்த அறையில் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வயதுவரை அவரும் ஆடியவர்தான். முழங்கால் போதும் என்றது, நிறுத்திக்கொண்டார். இப்போது நாற்பத்திரண்டு.

செந்தூரனுக்கு முப்பத்து நான்கு. டென்னிஸ் ஆடுவதே பிழைப்பு. நாட்டுக்காக இரண்டு முறை ஆடியிருக்கிறான். இந்த வருடம் ஏழு போட்டிகளுக்குப் போய் ஆறில் முதல் சுற்றோடு மூட்டை கட்டினான்.

தோற்றாலும் அவனுக்கு ஒரு பெருமை குறையவில்லை. இருபத்து மூன்று வயதில் எடுத்த மட்டை ரகத்தை அவன் மாற்றவே இல்லை. நரம்பின் ரகத்தையும் மாற்றவில்லை. அதை எவ்வளவு இழுத்துக் கட்ட வேண்டும் என்ற அளவையும் மாற்றவில்லை. ஐம்பத்தைந்து பவுண்டு. எண் ஏற ஏற நரம்பு இறுகும், பந்து சொன்ன இடத்துக்குப் போகும். ஆனால் பலம் முழுவதையும் கைதான் கொடுக்க வேண்டும். அவ்வளவு இறுக்கமாகக் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள் இப்போது குறைவு. அதைப் பேட்டி கொடுக்கும் இடத்திலெல்லாம் சொல்வான்.

ஒரு வியாழக்கிழமை காலையில், புது வாசனை போகாத ஒரு மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"குரு, ஒரு கேள்வி."

"மெஷின் ஓடுது. சுருக்கமா கேளு."

"ஒரு கம்பெனி ரெண்டு வருஷத்துக்குக் கூப்பிடுது. டிராவல், கோச், பிசியோ எல்லாம் அவங்க பார்த்துப்பாங்க. ஆனா அவங்க ராக்கெட்லதான் ஆடணும். திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"மாட்டேன்னா?"

"இந்த வருஷத்தோட என் ஆட்டம் முடிஞ்சுது. வேற யாரும் கூப்பிடப் போறதில்ல."

"இதுல ஆடிப் பார்த்தியா?"

"பார்த்தேன். எடை கம்மி. நடுவுல படாட்டியும் பந்து உள்ள விழுது. வயசானவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"நல்லதுதானே?"

"என்ன குரு நல்லது? அவனவன் ஆறு மாசத்துக்கு ஒண்ணு மாத்தறான். பதினோரு வருஷமா நான் எதையுமே மாத்தல. அதுதான் நான். இப்பப் போய் இதைக் கையில எடுத்தா, அங்க நிக்கறது யாரு?"

ஜெசிந்தா மெஷினை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று செந்தூரன் தயாரானான். அவர் திட்டவில்லை.

"உன் ராக்கெட்ல ரெண்டு வச்சுட்டுப் போ. இந்தப் புதுசையும் வச்சுட்டுப் போ. நாலு மணிக்குக் கோர்ட்டுக்கு வா."

"வழக்கம்போல அம்பத்தஞ்சு."

"தெரியும், போ."

நாலு மணிக்கு அவன் வந்தபோது ஜெசிந்தா வலைக்கு அந்தப் பக்கம் பந்துக் கூடையோடு நின்றிருந்தார். பெஞ்சில் அவனுடைய மட்டைகள் இரண்டும் இருந்தன. ஒன்றின் கைப்பிடியில் வெள்ளைத் துணி, இன்னொன்றில் நீலம்.

"வெள்ளையை எடு."

அவர் ஒவ்வொரு பந்தாகப் போட்டார். முதல் பந்து வலையில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கை சூடேறவில்லை என்று சொல்லிக்கொண்டான். பத்தாவது பந்துக்கு இன்னும் ஓங்கி அடித்தான். பந்து பாதி தூரம் போய்ச் செத்து விழுந்தது. இருபதாவது பந்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"என்னத்தைக் கட்டி வச்சிருக்கீங்க? பலகையால அடிக்கற மாதிரி இருக்கு!"

"நீலத்தை எடு."

எடுத்தான். முதல் பந்தே கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. இரண்டாவது மூலைக்குப் போனது. ஐந்தாறு பந்துகளில் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் குரு என் ராக்கெட். அந்த வெள்ளை எவனுது?"

"ரெண்டும் உன்னுதுதான். நீ கேட்ட அம்பத்தஞ்சு, அந்த வெள்ளை."

"அப்ப இது?"

"நாப்பத்தேழரை."

செந்தூரன் சிரித்தான். ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் நின்றது.

"எப்பலேர்ந்து?"

"ஆறு வருஷம் முந்தி உனக்குத் தோள்ல ஊசி போட்டாங்களே, அந்த மாசத்திலேர்ந்து. முதல்ல அரை பவுண்டு குறைச்சேன். நீ கண்டுபிடிக்கல. அஞ்சு மாசம் பொறுத்து இன்னொரு அரை."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அம்மி நகர்ந்தது அம்மிக்கே தெரியவில்லை.

அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வெளியூர் போகும்போதெல்லாம் அவர் கட்டிக் கொடுத்த பத்து மட்டைகளோடுதான் போவான். ஒரே ஒருமுறை பாங்காக்கில் எல்லா மட்டைகளிலும் நரம்பு அறுந்துபோய், அங்கே இருந்தவரிடம் கட்டக் கொடுத்தான். ஆட்டத்தில் தோற்றான். அந்த மனிதரை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தான்.

"பாங்காக்ல அந்த ஆளு..." என்று ஆரம்பித்தான்.

"அவன் சரியாத்தான் கட்டியிருந்தான்," என்றார் ஜெசிந்தா.

செந்தூரன் நீல மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்த்தால் தெரியக்கூடிய வித்தியாசம் அதில் ஒன்றுமில்லை.

"என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா."

இல்லை என்பார், சண்டை போடலாம் என்று இருந்தான். அவர் ஒப்புக்கொண்டதும் கோபத்தை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தப்புன்னு தோணலையா?"

"தோணுச்சு. முதல் தடவை கட்டிட்டு ரெண்டு தரம் அறுத்துப்போட்டேன். ரெண்டாவது தடவை அறுக்கல. அப்பதான் எனக்கே பயமா இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே குரு!"

"சொன்னேனே. ஊசி போட்ட அன்னிக்கே, அம்பத்திரண்டுக்கு வாடான்னு சொன்னேன். குறைச்சா அப்புறம் நான் யாருன்னு கேட்ட."

அவனுக்கு அது ஞாபகம் வந்தது. கேட்ட இடம்கூட ஞாபகம் வந்தது. அதே அறை வாசலில், தோளில் பிளாஸ்திரியோடு.

"நடுவுல புனேல ஜெயிச்சேனே? அந்த டெல்லி ஃபைனல்? அதெல்லாம் யார் ஜெயிச்சது?"

"அடிச்சது நீதானே? நான் இங்க உட்கார்ந்து டிவிதான் பார்த்தேன்."

கண் கலங்கியதை மறைக்க அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவர் மறைத்தது வலித்தது. அதைவிட, ஆறு வருடமாகக் கையில் பிடித்திருந்ததைத் தான் அறியாமல் இருந்தது அதிகமாக வலித்தது. ஒரு பவுண்டு கூடினாலும் குறைந்தாலும் என் கை சொல்லிவிடும் என்று பேட்டியில் வேறு சொல்லியிருக்கிறான்.

பக்கத்துக் கோர்ட்டில் யாரோ சர்வீஸ் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தார். முழங்காலை மடக்க முடியாதவர், ஒவ்வொரு பந்துக்கும் இடுப்பை வளைத்தார். செந்தூரன் எழுந்து போய் உதவி செய்தான்.

கடைசிப் பந்தைப் போட்டுவிட்டு அவன் கேட்டான்.

"அந்தப் புது ராக்கெட் எங்க?"

"ரூம்ல இருக்கு."

"ஆறு வருஷம் எனக்குத் தெரியாமலே செஞ்சீங்க. இதையும் அப்படியே செஞ்சிருக்கலாமே. கம்பெனிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை பேசி, என் பழைய கலரை அதுமேல அடிச்சுக் கையில குடுத்திருந்தா, நான் பாட்டுக்கு ஆடியிருப்பேன்."

"எனக்கும் தோணுச்சு. மத்தியானம் பெயிண்ட் கடை வரைக்கும் போயிட்டேன்."

"அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?"

ஜெசிந்தா கூடையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

"உன் ஆட்டத்தை இன்னும் எத்தனை நாளைக்குடா நானே ஆடறது?"