மடத்துக் கத்திரி

மலையடிவாரத்து மடத்தில் நான் சமையல் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. என் வாழ்க்கையின் நல்ல காலமும் அதுதான்.

ஒரு நாள் மாசிலாமணி ஐயாவின் கத்திரியால் காகிதம் வெட்டிவிட்டேன்.

துணி வெட்டும் கத்திரியில் காகிதம் வெட்டினால் கூர் போய்விடும். தையற்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. கரண்டி பிடிப்பவனுக்கு எங்கே தெரியும்? குருபூசைக்குத் தோரணம் வெட்ட வேண்டியிருந்தது. அவர் குளிக்கப் போயிருந்தார். எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். அறுபது வயது மனிதர். மனைவி சொர்ணம் இறந்த பிறகு மடத்துக்கு வந்து, எங்கள் துணிகளையெல்லாம் தைத்துக் கொடுப்பவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"கை வைக்க உனக்கு வேற சாமானே கெடைக்கலையாடா?"

அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விவகாரம் சாமியிடம் போனது. மடத்துத் தலைவரான எங்கள் சாமி, மாசிலாமணி ஐயாவைவிட இருபது வயது இளையவர்.

"தைப்பூசத்துக்கு எனக்குக் காவி குடுக்கறதாச் சொல்லியிருக்கீங்க சாமி. கடைய விட்டேன், வீட்ட விட்டேன். இது ஒண்ண விட முடியலை. முப்பது வருசம் இதுலதான் தொழில் பண்ணேன். வெள்ளிக்கிழமையானா கல்லுல வச்சுத் தீட்டுவேன். சொர்ணம் பக்கத்துல உக்காந்து தண்ணி ஊத்துவா. தீட்டுற நேரம் பூரா எதையாச்சும் பேசிக்கிட்டே இருப்பா..."

நிறுத்திக்கொண்டார்.

"இதை வச்சுக்கிட்டு நான் காவி கட்டலாமா சாமி?"

சாமி கத்திரியை வாங்கித் தன் பெட்டிமேல் வைத்தார்.

"குருபூசை வரைக்கும் மடத்துக் கத்திரியில வேலை பாருங்க."

மடத்துக் கத்திரியா! பெயர்தான் கத்திரி. அதில் சாக்கு வெட்டுவோம், கம்பி வெட்டுவோம், வாழை நாரும் வெட்டுவோம். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்ட புண்ணியவான் எவனும் இல்லை.

முதல் நாள் அது துணியைக் குதறி வைத்தது.

"எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார் மாசிலாமணி ஐயா.

இரண்டாம் நாள் துருவைத் தேய்த்தார். மூன்றாம் நாள் திருகாணியைக் கழற்றி மாட்டினார். அப்புறம் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து தீட்ட ஆரம்பித்தார். கத்திரியை வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தார். பார்க்கப் பொறுக்காமல் நான் போய்ச் செம்பை வாங்கிக்கொண்டேன். அவர் தொடர்ந்து தீட்டினார். சற்று நேரம் கழித்து, "மெதுவா ஊத்து" என்றார். எங்களுக்குள் பேச்சு திரும்பியது அப்படித்தான்.

குருபூசைக்கு முதல் நாள் மல்லித்தூள் பொட்டலத்தைப் பிரிக்க அந்தக் கத்திரியை எடுக்கப் போனேன்.

"தொடாதடா அதை!"

கத்திய பிறகு அவரே திகைத்து நின்றார். முகம் சுண்டிப் போயிற்று. நேரே சாமியிடம் நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நான் காவிக்கு லாயக்கில்லை சாமி. என் கத்திரிய வாங்கி வச்சீங்க. இப்ப மடத்துக் கத்திரியும் என்னோடதாயிருச்சு. ஒண்ணு போயி ரெண்டாச்சு. நான் ஊருக்கே போயிடறேன்."

சாமி சிரித்துவிட்டார். பெட்டிமேல் இருந்த கத்திரியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ரெண்டுதானா?" என்றார். "கிணத்து ராட்டினம் கிறீச்சுனு கத்துது. மாட்டுக் கொட்டாய்க் கதவு பிஞ்சு தொங்குது. மண்வெட்டி நாலும் மழையில கெடக்கு. அதெல்லாம் எப்ப உங்களோடது ஆகும்?"