யார் போட்ட பட்டியல்

நொய்யல் அணிக்கு ஆறு முறை கோப்பை வாங்கிக் கொடுத்த சவரிராயன் மாஸ்டர், இந்த இறுதிப் போட்டியோடு தனக்குப் போதும் என்று சொல்லிவிட்டார். கோவையில் கூடைப்பந்து பார்க்கிற எல்லோரும் அடுத்த பயிற்சியாளர் யார் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவருக்குத் துணைப் பயிற்சியாளர் தெய்வசிகாமணி. வயது நாற்பத்தொன்பது. பதினேழு வருடமாக மாஸ்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர். இதற்குள் நான்கு கிளப்புகள் அவரைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டன. நான்குக்கும் வர மாட்டேன் என்றார். மாஸ்டருக்குப் பிறகு தான்தான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. 'இலவு காத்த கிளி' என்று மற்ற கிளப்புக்காரர்கள் அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். சிரிப்பு வராத நாளிலும் சிரிப்பார்.

வீரர்களுக்கு அவர் அண்ணன். மாஸ்டர் ஒருவனைத் திட்டினாலும் சரி, ஆட்டத்தின் நடுவில் உட்கார வைத்தாலும் சரி, அவன் நேராக அண்ணனிடம்தான் வருவான். மாஸ்டரை வாய்க்கு வந்தபடி ஏசுவான். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுப்பார். டீ குடித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதியை அவன் எதிரணியிடம் காட்டுவான்.

மாஸ்டரிடம் யாரும் அப்படிப் போவதில்லை. பஸ்ஸில் முன் இருக்கையில் அவர் தனியாகத்தான் வருவார். அவர் நுழைந்தால் உடைமாற்றும் அறையில் பேச்சு நின்றுவிடும். மனைவியை அடக்கம் செய்த மூன்றாம் நாள் பயிற்சிக்கு வந்து விசில் ஊதியவர். மனுஷன் நெஞ்சு கல் என்று அன்றைக்கே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவரும் அதை மறுத்துச் சொல்லவில்லை.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலைப் பயிற்சி முடிந்து வீரர்கள் போன பிறகு, மாஸ்டர் பந்துகளை ஒவ்வொன்றாக அழுத்திக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிகாமணி அருகில் போய் நின்றார்.

"உங்களுக்கு அப்புறம் யாருங்க, மாஸ்டர்?"

கேட்டுவிட்டுத் தானும் ஒரு பந்தை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

"உனக்கு யாருன்னு தோணுது?" என்றார் மாஸ்டர். ஊரைவிட்டு வந்து முப்பது வருடமாகியும் அவர் பேச்சிலிருந்து தூத்துக்குடி போகவில்லை.

"நான் எப்படிங்க சொல்றது?"

"சொல்லணும்னுதான வந்திருக்க."

"நானாத்தான் இருக்கோணும்னு நினைக்கறனுங்க."

மாஸ்டர் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள் மட்டும் இருந்தன.

அணியில் பதின்மூன்று பேர். ஒரு போட்டிக்குப் பன்னிரண்டு பேரைத்தான் இறக்க முடியும். இத்தனை வருடமும் அந்தப் பட்டியலை மாஸ்டரே எழுதி மாஸ்டரே வாசித்தார். யாரையும் கலந்துகொண்டதில்லை.

"இந்த ஞாயித்துக்கெழமைக்கு நீ எழுது. நீயே வாசி."

"எழுதிட்டு உங்ககிட்டக் காட்டறனுங்க."

"எனக்கு எதுக்கு? நான் அவனுங்களோட நின்னு கேக்கேன்."

பதினொரு பெயர்களை எழுதச் சிகாமணிக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டாவது பெயருக்கு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்.

மிச்சம் இருந்தது இரண்டு பேர். ஒருவன் ஒச்சப்பன், உசிலம்பட்டிக்காரன், வயது முப்பத்துமூன்று. தேனிப் பக்கம் ஒரு டோர்னமென்ட்டில் அவன் ஆட்டத்தைப் பார்த்து இந்த கிளப்புக்குக் கூட்டிவந்ததே சிகாமணிதான். அவன் மனைவிக்கு உடன்பிறந்தவன் இல்லை என்பதால், மூத்த மகளுக்குக் காது குத்தியபோது மாமன் முறைக்கு மடியில் வைத்துக்கொண்டதும் சிகாமணிதான். ஒச்சப்பன் இதுவரை ஓர் இறுதிப் போட்டியையும் தவறவிட்டதில்லை. இதோடு ஆட்டத்தை விடப்போகிறான். மனைவியும் இரண்டு மகள்களும் பார்க்க வருவதற்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள்.

இன்னொருவன் பிலவேந்திரன். இருபத்திரண்டு வயது. போன வருடம் வந்தவன். அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சிகாமணிக்குச் சரியாகத் தெரியாது.

ஒச்சப்பனின் இடது முட்டி மூன்று மாதமாகச் சரியில்லை. எதிராளி திரும்பினால் இவன் திரும்புவதற்கு ஓர் அடி பிந்திவிடுகிறது. எதிரணியில் அந்த ஓர் அடிக்காகவே காத்திருக்கிற ஒருவன் இருந்தான். பிலவேந்திரன் அவனை மறித்துவிடுவான்.

சிகாமணி பிலவேந்திரன் பெயரை எழுதினார். சரியான முடிவு. ஆட்டம் தெரிந்த யாரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். எழுதிவிட்டுப் பேனாவை மூடக்கூட அவருக்குக் கை வரவில்லை.

நான்கு மணிக்கு அறையில் எல்லோரும் கூடினார்கள். மாஸ்டர் கடைசியில், கதவை ஒட்டி நின்றார். அண்ணன் கையில் தாளைப் பார்த்து வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டருக்குத் தொண்டை சரியில்லை போல என்று ஒருவன் முணுமுணுத்தான்.

சிகாமணி வாசித்தார். பன்னிரண்டாவது பெயரை வேகமாகச் சொல்லிவிட்டுத் தாளை மடித்தார். வாசித்து முடித்த பிறகும் ஒச்சப்பன் இன்னொரு பெயர் வரும் என்பதுபோல நின்றான். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

பார்வையாளர் காலரிக்குப் பின்னால் இருந்த குழாயில் அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். சிகாமணி போய் அவன் முதுகில் கை வைத்தார்.

"ஒச்சு."

"வாசிச்சது நீங்க. போட்டது யாருண்ணே?"

சிகாமணி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பதினேழு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"மாஸ்டர்தான் ஒச்சு. நான் வாசிச்சதோட சரி."

அதைக் கேட்டதும் ஒச்சப்பன் உடைந்துவிட்டான். ஆறடி மூன்றங்குல உடம்பை வளைத்து, அண்ணன் தோளில் முகத்தை வைத்து அழுதான்.

"அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதுண்ணே. பொண்டாட்டி செத்ததுக்கே அழுகாத ஆளு. எம் பிள்ளைக வந்து என்னத்தண்ணே பாக்கும்?"

சிகாமணி அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு நிமிடம் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவருடைய டீ கிளாஸிலேயே ஆறிப்போயிற்று.

இருவரும் வாசலுக்கு வந்தபோது மாஸ்டர் பந்து அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் நின்றுவிட்டான்.

"கடைசி ஆட்டம்னு தெரிஞ்சும் என்னையக் கேவலப்படுத்திட்டீங்கள்ல, மாஸ்டர்?"

மாஸ்டர் அவனைப் பார்த்தார். பிறகு சிகாமணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சிகாமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆமா" என்றார் மாஸ்டர். "நாந்தான் போட்டேன்."

ஒச்சப்பன் கீழே காறித் துப்பிவிட்டுப் போனான். மாஸ்டர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் வழியில் போனார்.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே சிகாமணி மாஸ்டரிடம் வந்தார்.

"நான் பொய் சொல்லிட்டனுங்க, மாஸ்டர்."

"தெரியும்."

"நீங்க ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?"

"ஏசிக்கிட்டு நின்னவன போய் நடுவுல நிறுத்தச் சொல்லுதியா?"

"எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லீங்க. வேற ஆளைப் பாருங்க."

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினார்.

"நான் முத முத பட்டியல் போட்டப்போ ஒருத்தன வெளிய வச்சேன். யாரு போட்டான்னு கேட்டான். எங்க மாஸ்டர் போட்டாருன்னு சொன்னேன்."

"அப்புறமுங்க?"

"ஒரு வாரம் சோறு எறங்கல. அவன்ட்ட போய் உள்ளதைச் சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாருங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. இருபத்தாறு வருசம் ஆச்சு. அவன் என் தங்கச்சி மாப்பிள்ள."

சிகாமணி வீரர்கள் விடுதியைப் பார்த்து நடந்தார். அவரைப் போ என்று யாரும் சொல்லவில்லை.

ஒச்சப்பன் கட்டிலில் உட்கார்ந்து, மனைவியிடம் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி போனில் பேசிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். சிகாமணி உட்காரவில்லை.

"பட்டியல் நான் போட்டது, ஒச்சு. உன் பேரை எடுத்தது நான்தான். மாஸ்டர் அந்தத் தாளைப் பாக்கக்கூட இல்ல."

ஒச்சப்பன் போனை அணைத்தான்.

"முட்டி நல்லாருந்தா என்னையப் போட்டிருப்பீங்களாண்ணே?"

"போட்டிருப்பேன்."

"முட்டி சரியில்லன்னு எனக்கும் தெரியும்ணே. நேத்தே சொல்லியிருந்தா, ரெண்டு நாளு கோவிச்சுக்கிட்டு விட்டிருப்பேன்." அவன் குரல் உயரவில்லை. "உங்க தோள்லயில்ல சாஞ்சு அழுதேன். சாய விட்டுக்கிட்டு நின்னீங்கள்ல?"

சிகாமணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம வருவேன். பயலுகளுக்காக வருவேன். நீங்க கெளம்புங்க."

கடைசியாகச் சொன்னதில் அண்ணே என்ற சொல் இல்லை. சிகாமணி வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. ஓங்கி அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினான்.

மைதானத்தில் மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். சிகாமணி முகத்தைப் பார்த்ததும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லிட்டனுங்க."

"ம்."

"கதவைச் சாத்திக்கிட்டானுங்க."

மாஸ்டர் போனை எடுத்து கிளப் செயலாளரை அழைத்தார்.

"சவரிராயன் பேசுதேன். எனக்கு அடுத்த ஆளு பேரு கேட்டீங்கள்லா, எழுதிக்கிடுங்க. தெய்வசிகாமணி. ஆமா, யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டார். பதினேழு வருடம் காத்திருந்த பெயர், சிகாமணியின் காதுபடவே சொல்லப்பட்டுவிட்டது. அவருக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒச்சப்பன் இன்றைக்கு யாரிடம் போய்ப் பேசுவான் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

"மாஸ்டர், பசங்க எங்கிட்ட வந்து உங்களைத் திட்டறது உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாம என்ன? அதுக்குத்தான உன்னைப் பக்கத்துல வச்சிருந்தேன்."

சிகாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"திட்ட எடம் இல்லாதவன் நல்லா ஆட மாட்டான்டே. நீயும் மொத வேலையா ஒருத்தனைத் தேடு. உன்னைத் திட்டுதவனுக்கு டீ வாங்கிக் குடுக்க ஆளு வேணும்லா."

வெளியே வீரர்கள் வரும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் எதற்கோ உரக்கச் சிரித்தான்.

"நீங்க யாருகிட்டங்க போனீங்க?" என்றார் சிகாமணி. "இத்தனை வருசத்துல, மனசு தாங்காத அன்னிக்கு?"

மாஸ்டர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார். அவிழ்த்தார்.

"உங்கிட்ட வரணும்னுதான் இருக்கும். எத்தனையோ நாள் உங்க தெரு முக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கேன்."

"வந்திருக்கலாமுங்களே, மாஸ்டர்! நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"வந்திருந்தா, மறுநாள் அவனுங்க என்னை ஏசும்போது நீ எனக்காகப் பேசியிருப்ப."