சாயக்கூடாத தூண்

முன்னொரு காலத்திலே, மலையடிவார நாடொன்றிலே, ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டிய பலாமர அரண்மனை இருந்தது. அங்கே நீலவேணி என்றொரு இளவரசி. மந்திரவாதி ஒருவன் பெண் கேட்டு வந்தான். "உன் மூஞ்சிக்கு நானா?" என்று சிரித்துவிட்டாள்.

"கொலுமண்டபத் தூணாகப் போ! களைத்த மனுஷர் யாராவது உன்மேல் சாய்ந்து 'அப்பாடா' என்றால்தான் விடுதலை" என்றான் அவன். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கமாட்டானா? ராஜா முன்னால் தூணில் சாய எவனுக்குத் தலை இரண்டு இருக்கிறது?

தூணாகிப்போன நீலவேணிக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை, காது மட்டும் மிச்சம். மகளைக் காணோமென்று அம்மா அழுவதை மூன்றடி தள்ளி நின்று கேட்டாள். ஒருநாள் அந்த அழுகையும் நின்றுபோனது.

ராஜாக்கள் போனார்கள். அரண்மனை அருங்காட்சியகமானது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஜனங்கள் வந்தார்கள். இனி சாய்வார்கள் என்று பெண்ணுக்கு உயிர் துடித்தது. வந்து சேர்ந்தாரய்யா காவலர் தாணுலிங்கம்!

பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "சாயாதீங்க!" மூச்சுவாங்கிய கிழவர் வந்தார். "சாயாதீங்க!" அறுபது பிள்ளைகளை மேய்த்துக் களைத்த டீச்சர் வந்தாள். "சாயாதீங்க!"

'பாவி, நீ நல்லா இருப்பியா?' என்று மரத்துக்குள்ளே குமுறினாள். முப்பது வருஷம் இதே கதை. அவருக்கும் உட்கார நாற்காலி கிடையாது, அதுவும் சட்டம்தான்.

அப்புறம் கரையான் வந்தது. அவள் குதிகாலைத் தின்றது. அதிகாரி தூணைத் தட்டிப் பார்த்தார். "உள்ளே ஒண்ணுமே இல்லை. காலையில அறுத்துட்டு சிமெண்ட் தூண் வைங்க."

உள்ளே ஒண்ணுமே இல்லையாம்! அழக் கண்ணில்லாதவள், அறுக்கட்டும், போதும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. தாணுலிங்கம் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்தார். "நாளைக்கு நீ விறகு. நாளையோட எனக்கும் ரிட்டையர்மெண்ட். இனிமே நமக்கு என்ன சட்டம், சொல்லு?" என்று முதுகைச் சாய்த்தார்.

"அப்பாடா!"

தூண் பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே உத்தரம் ஒரு முனகு முனகியதோடு சரி. கரையான் அரித்த குதிகாலோடு ஒரு பெண் தள்ளாடி நின்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். அவர் கால் வீக்கத்தைப் பார்த்தாள், திட்டு வரவில்லை.

"எங்கம்மா..." என்றாள்.

எதிர்ச்சுவரில் ஒரு படம். கீழே பலகை: 'மகளைத் தேடியே மாண்ட மகாராணி'. தாணுலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஐயோ, நானேல்லா உன்னை அடைச்சு வச்சிருந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அரித்த குதிகால் அவளைத் தாங்கவில்லை. "ஐயா, கொஞ்சம் சாய்ஞ்சுக்கலாமா?"

முப்பது வருஷமாக அதற்கு ஒரே பதில் வைத்திருந்தவர் தோளைக் கொடுத்தார். "சாய்ஞ்சுக்கோ, மக்களே" என்றார், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல.

முந்நூறு வருஷத்து அழுகையை அவள் அங்கேதான் அழுதாள். அன்றுமுதல் அவள் அவர் வீட்டு மகள். அந்த மண்டபத்தில் இப்போது ஒரு பெஞ்சு கிடக்கிறது, களைத்தவர் உட்காரலாம். கதை உட்கார்ந்தாச்சு, நீங்க எழுந்திரிங்க.