பேட்டரி இல்லாத பெட்டி

"டீச்சர், என் பெட்டி ஒரு நாள்கூட அணையல. தங்கபுஷ்பம் பெட்டி செத்துக் கிடக்கு. நீங்க அதைத்தான் முதல்ல துடைக்கிறீங்க."

நல்லதம்பிக்கு டீச்சரைவிட வயது அதிகம். ஆனாலும் தங்கபுஷ்பத்தைப் போல அவரும் மாணவர்தான். கேட்டே விட்டார்.

டீச்சர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

மலை உச்சியில் ஓடைத் தண்ணீரை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளம் வந்தால் ரேடியோ அலையில் சேதி அனுப்பும். அது அடிவாரத்தில் கட்டிய எச்சரிக்கை மணிவரை எட்டாது. நடுவழியில் மரத்தில் கட்டிய இந்த இரண்டு பெட்டிகள்தான் வாங்கிக் கடத்த வேண்டும்.

பேட்டரி கிடையாது. வருகிற அலையிலேயே கொஞ்சம் தின்று, அந்தத் தெம்பில் சேதியை முன்னால் எறிய வேண்டும். அளவுக்கு மேல் தின்றால் பெட்டியின் காதில் சேதி விழாது.

எவ்வளவு தின்னலாம் என்பது செய்தவர் வைக்கிற அளவு. நல்லதம்பி தாராளமாக வைத்திருந்தார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், கன்னம் புசுபுசுவென்று இருந்தால் ஒரு பெருமைதான்.

தங்கபுஷ்பம் குறைவாக வைத்ததால் அவள் பெட்டி அடிக்கடி அணையும். உன் பெட்டி இன்றைக்கும் விரதமா என்று நல்லதம்பியே கேலி செய்திருக்கிறார்.

டீச்சர் துணியை உதறிக் காயப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நல்லதம்பியும் பின்னால் போனார்.

ஓடைக்கரைக் குடிசையில் ஒச்சம்மா ஆடுகளுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையில் கால் வைத்தாளாம். மணி அடித்ததாம். காலை எடுத்தாளாம். எடுத்த இடத்தில் வெள்ளத்தோடு முழு மரமே உருண்டு போனதாம். அவள் கரையேறும்வரை அடித்துவிட்டுத்தான் மணி ஓய்ந்ததாம்.

நல்லதம்பி டீச்சரைப் பார்த்தார். நேற்று எந்தப் பெட்டி பேசியது என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அணைஞ்சு கிடக்கே, அது. இருந்த தெம்பையெல்லாம் சேதிக்கே குடுத்துட்டு."

"என்னுது?"

"தின்னுட்டு இருந்துச்சு."

அதற்குள் ஒச்சம்மா ஒரு செம்பு நிறைய ஆட்டுப்பால் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். பெரியவர்தான் அந்தப் பெட்டியைச் செய்திருப்பார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

அவருக்குக் காதெல்லாம் சுட்டது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

"இது எனக்கு வர வேண்டிய பால் இல்லம்மா. தங்கபுஷ்பம்னு ஒரு பொண்ணு. மேல இருக்கு."

"அதுக்கென்னய்யா, கொண்டுபோய்க் குடுங்க."

வெயில் ஏறியிருந்தது. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் மலையேறினார்.

பின்னால் வந்த டீச்சர் சொன்னார்:

"ஏத்தத்துல நெஞ்சு உலர்ந்தா ஒரு வாய் குடிச்சுக்கோங்கண்ணே. ஒரு வாய்தான்."