ஒரு படி அரிசி

சேலத்துக்குக் கிழக்கே, பாக்குத் தோப்புகளுக்கு நடுவில் ஒரு மடம். குருவுக்கு வயது நாற்பது. சீடர் குழந்தைவேலுவுக்கு அறுபது.

அன்னதானம் சீடர் பொறுப்பு. பந்தியில் கடைசி ஆள் எழும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் கூட்டம் குறைந்தால் மட்டும் யார் மேலாவது எரிந்து விழுவார்.

ஒரு நாள் மதியம் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"சாமி, இன்னைக்குக் கூட்டம் அள்ளுது. ஒரு படி அரிசி கூடப் போட்டேன்!"

"புதுசா வந்தவங்க யாரு?"

சீடர் அதை விசாரிக்கவில்லை. குரு எழுந்து பந்திக்குப் போனார். ஓரத்தில் நான்கு பெண்கள் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பாவாயி பட்டறையிலதானே இருந்தீங்க?"

"ஆமா சாமி. கூலி கொடுக்க முடியல, வராதீங்கன்னு அக்கா சொல்லிட்டாங்க. சொல்லும்போது அவங்களே அழுதுட்டாங்க."

பாவாயியும் ஒரு காலத்தில் இதே பந்தியில் சாப்பிட்டவள். பிறகு கடன் வாங்கி, பாக்குமட்டையில் தட்டு அழுத்தும் மெஷின் போட்டாள். மடத்துப் பந்தியில் விரிப்பதெல்லாம் அவள் தட்டுதான்.

குரு சீடரைத் தனியே அழைத்தார்.

"பாவாயிகிட்ட என்ன சொன்னீங்க?"

"அன்னதானத் தட்டுல போய் லாபம் பார்க்கலாமா சாமி? இனிமே கைங்கரியமாக் கொடும்மான்னேன். கும்பிட்டு ஒத்துக்கிட்டா."

"அந்த லாபத்தை என்ன செஞ்சிட்டு இருந்தா?"

"இன்னொரு மெஷின் வாங்கச் சேர்த்துட்டு இருந்தாளாம். ஆசையைப் பாருங்க!"

"அந்த மெஷின்ல யாரு வேலை செய்வாங்க?"

பதில் சொல்ல வாயெடுத்த சீடரின் பார்வை பந்தி ஓரத்துக்குப் போனது. அந்தப் பெண்களில் ஒருத்தி, சாப்பிட்ட தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனார். இலவசமாக வாங்கிய தட்டுகளுக்கும் சேர்த்துப் பழைய விலையைக் கொடுத்தார். பாவாயி வாங்க மறுத்தாள். சாமி குத்தமாகிவிடும் என்று பயந்தாள். கெஞ்சித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

நான்கு பெண்களும் வேலைக்குத் திரும்பினார்கள். சில மாதங்களில் இரண்டாவது மெஷின் வந்தது. அதற்கும் ஆட்கள் இந்தப் பந்தியிலிருந்தே போனார்கள்.

ஒரு நாள் பந்தி முடிந்தபோது அண்டாவில் சோறு மிஞ்சியிருந்தது. இந்த மடத்தில் இவ்வளவு மிஞ்சியதே இல்லை. சீடருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சாமி, கூட்டம் குறைஞ்சுபோச்சு. இப்ப நான் என்ன செய்யறது?"

குரு அண்டாவை எட்டிப் பார்த்தார். மனம் விட்டுச் சிரித்தார்.

"நாளைக்கு ஒரு படி குறைச்சுப் போடுங்க."