நல்ல தண்ணி

குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு அறுபது. கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் மெஹ்ருன்னிசாவை சந்தானகிருஷ்ணன் முதலில் கேலிக்காகத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். கடல் மீன் தொட்டிக்குத் தண்ணீர் தயாரிக்க அவள் சொல்லிக்கொடுத்த பிறகு கேலி போய்விட்டது, பேர் மட்டும் நின்றது.

குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரில்தான் கடல் மீனுக்கான உப்பைக் கலக்க வேண்டும், முழுசாகக் கரையும்வரை பம்பை ஓடவிட வேண்டும், உப்பு எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் மீனை விடக்கூடாது. மனிதர் எதிலும் பிசகவில்லை. பின்னே, தொட்டி மகளுக்காக அல்லவா!

மகள் நித்யகலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கோமாளி மீன் என்றால் உயிர். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டவள். அந்தக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. மீனைப் பார்க்கவாவது வீட்டுப் படி ஏறுவாள் என்று ஒரு நப்பாசை.

ஒருநாள் தொங்கிய முகத்தோடு கடைக்கு வந்தார்.

"ரெண்டு மீனும் செத்துப்போச்சு, குருவே. நீங்க சொன்னபடிதான் கலந்தேன்."

"தொட்டியில தண்ணி குறைஞ்சுதா?"

"வெயில் காலமாச்சே, குறையத்தான் செய்யும். குறையக் குறைய ஊத்தினேன்."

"ஊத்தினது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"உப்புத் தண்ணிதான். கடல் மீனுக்கு யாராவது நல்ல தண்ணி ஊத்துவாங்களா?"

அவள் தன் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.

"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான் சார். உப்பு எங்கயும் போகாது. நீங்க மேல மேல உப்பையே சேத்திருக்கீங்க. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

சந்தானகிருஷ்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பாவம், பார்த்துப் பார்த்து ஊற்றியவர்.

"மக வந்தாங்களா சார்?"

"ஞாயித்துக்கிழமை வந்தா. மீன் அப்போ உயிரோடதான் இருந்துது. தொட்டிகிட்ட நின்னு சிரிச்சா. இதான் சமயம்னு மன்னிப்பு கேட்டேன். 'கல்யாணத்துக்கு வராதது என் தப்பும்மா'ன்னேன்."

"அப்புறம்?"

"'ஆனா, நீயும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்'னேன். நியாயம்தானே? காபியைக்கூடத் தொடாம எழுந்து போயிட்டா. போன்ல பேசினப்பவும் இப்படித்தான் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் மன்னிப்பு கேக்கத்தான் கேக்கிறேன், குருவே. அவ இன்னும் தள்ளித்தான் போறா. ஒரே பொண்ணு."

மெஹ்ருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஊத்தினது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"ஆனா..." என்று ஆரம்பித்தார் சந்தானகிருஷ்ணன். அந்த வார்த்தையே நாக்கில் கரித்தது.