முள்ளம்பன்றியும் முப்பத்தேழு கேமராவும்

அருவிக் காட்டில் முள்ளப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மற்ற முள்ளம்பன்றிகள் எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி வளையில் வைத்துக் கொறிக்கும். முள்ளப்பனுக்கோ கேமராக் கிறுக்கு. அதுவும் ஃபிலிம் ரோல் போடுகிற பழைய கேமராவாக இருக்க வேண்டும்.

அருவியில் குளிக்க வந்தவர்களிடம் குரங்குகள் காலங்காலமாகக் கேமராக்களைப் பிடுங்கி, கடித்துப் பார்த்து, தின்ன உதவாது என்று புதரில் எறிந்திருந்தன. அவற்றைத் தேடிப் பொறுக்குவதே முள்ளப்பனின் வேலை. படம் எடுக்க அதற்குத் தெரியாது. ஃபிலிமும் கிடையாது. லென்ஸை நக்கித் துடைத்து, வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே அதற்கு வயிறு நிறைந்துவிடும்.

வளையில் முப்பத்தேழு சேர்ந்துவிட்டன. மனைவி கூராயி நிறைமாதம், பாவம், காலை நீட்ட இடமில்லை. குட்டியை எங்கே படுக்கவைப்பது என்று தினமும் கேட்டது. இனிச் சேர்ப்பதில்லை என்று முள்ளப்பனும் தினமும் சத்தியம் செய்தது. மறுநாளே ஒன்றைக் கொண்டுவந்து, இது சேர்ப்பதற்கல்ல, பழசு ஒன்றுக்குத் திருகாணி கழற்ற என்றது. அடுத்து வந்தது உள்ளே இருப்பதற்கு ஜோடியாம். ஜோடியைப் பிரித்தால் பாவமாம்.

கூராயி ஒருநாள் அழுதேவிட்டது. “இனி ஒரு கேமரா உள்ள இருந்தாலும் நான் வெளியே போயிடுவேன். சிறுத்தை நடமாடுற காடுன்னும் பார்க்க மாட்டேன்.”

முள்ளப்பனுக்குப் பகீரென்றது. வளைக்குள் இனி ஒன்றுகூட இருக்காது என்று சொல்லி, எல்லாவற்றையும் ஓடைப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. நான்காம் நாள், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனது.

குனிந்து பார்த்தபோது ஒரு கேமராவின் வார் அதன் முள்ளில் மாட்டிக்கொண்டது. முள்ளப்பனின் மூளை வேலை செய்தது. வளைக்குள்தானே கூடாது? முதுகில் இருக்கலாமே!

அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் முள்ளுக்கு ஒன்றாகக் கேமராக்களைத் தொங்கவிட்டுக்கொள்ளும். வீடு திரும்பும்போது புதரில் கழற்றிவைக்கும். இத்தனை சுமையோடு முள்ளை நிமிர்த்த முடியுமா என்று ஒரு குரங்கு கேட்டது. பொறாமை பிடித்தது என்று முள்ளப்பன் நினைத்துக்கொண்டது.

ஒரு மாலை கூராயி வளைக்கு வெளியே கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. சிறுத்தை பதுங்கி வந்தது. கேமராக்களோடு திரும்பிக்கொண்டிருந்த முள்ளப்பன் ஓடிப்போய்க் குறுக்கே நின்று, மூச்சைப் பிடித்து முள்ளை நிமிர்த்தியது. ஒரு முள்கூட எழவில்லை. வார்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

“என்னடா இது, கடை போட்டிருக்கியா?” என்று சிறுத்தை சிரித்தது. அந்த நேரத்துக்குள் கூராயி வளைக்குள் புகுந்துவிட்டது. முள்ளப்பனும் பாய்ந்தது. தலை நுழைந்தது, முதுகு நுழையவில்லை.

“உதறுங்க!” என்று உள்ளிருந்து இழுத்தது கூராயி.

“அந்தத் தோல் உறை போட்டது மட்டும்...”

“நானா, அதுவா?”

முள்ளப்பன் கண்ணை மூடிக்கொண்டு உதறியது. கேமராக்களோடு பாதி முள்ளும் பிய்ந்து விழுந்தது. பாய்ந்த சிறுத்தை உதிர்ந்த முள்ளை மிதித்து, நொண்டிக்கொண்டே போனது.

இரண்டு நாளில் குட்டி பிறந்தது. ஆனால் முள் முளைக்க மாதக்கணக்காகும். அதுவரை முள்ளப்பன் தண்ணீர் குடிக்கப் போனாலும் பச்சை உடம்புக்காரி கூராயிதான் காவலுக்கு நடந்தது. முள்ளப்பன் வெட்கத்தில் கூனிக் குறுகியது.

அப்போது பார்த்து அந்தக் குரங்கு கேமரா ஒன்றை வளை வாசலுக்குக் கொண்டுவந்தது. கீறல் இல்லை, உறைகூடப் புதுசு என்றது.

முள்ளப்பனின் மூக்கு துடித்தது. மண்சுவரில் முகத்தை அழுத்திக்கொண்டது. “சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடு. நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள போயிடு.”

ஆசைப்பட்டதையெல்லாம் சுமந்து திரிபவனுக்கு, ஆபத்து வரும்போது தன் பலமே உதவாமல் போகும்.